பழைய ‘ஹாட் ஹேட்ச்’ வாங்கும் பிள்ளைகளும் பெற்றோரின் கடமையும்



நம்மிடம் பயின்ற மாணவர்கள் வேலைக்குச் சென்றதும் முதலில் நாடுவது மகிழுந்தைத்தான். அவர்களுள் பலரது கனவு ‘ஹாட் ஹேட்ச்’ எனப்படும், உருவில் சிறிய, வேகத்தில் பெரிய வண்டி. புதியது வாங்க வசதியில்லை. எனவே பழையதைத் தேடுகின்றனர். பெற்றோருள் சிலர் “கூடவே கூடாது” என்று தடுக்கின்றனர். வேறு சிலர் கண்ணை மூடிக்கொண்டு பிணையாளராகக் கையெழுத்திடுகின்றனர். இரண்டுமே சரியன்று என்பது என் கருத்து. தடுத்தால் பிள்ளை தனியே சென்று ஏமாறுவான். ஆராயாமல் கையெழுத்திட்டால் அவன் கட்டத் தவறும் கடன் நம் தலையில் விழும்.

இவ்வகை வண்டியில் மீட்டர் காட்டும் கிலோமீட்டரைவிட, முன்னவர் அதை எவ்வாறு ஓட்டினார், எவ்வாறு பராமரித்தார் என்பதே முக்கியம். வண்டியை உற்று நோக்கினால் அது தெரிந்துவிடும்.

நம் நாட்டு இளைஞர்கள் பெரிதும் விரும்பும் புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ-யை எடுத்துக்கொள்வோம். 1.8 லிட்டர் மிட்சுபிஷி இயந்திரமும் லோட்டஸ் பொறியியலாளர்கள் செம்மைப்படுத்திய சஸ்பென்ஷனும் கொண்டது. இதற்கு மதிப்பு அதிகம் என்பதால், சாதாரண சாத்ரியாவுக்கு ஜிடிஐ தோற்றம் கொடுத்து விற்பவர்களும் உண்டு. வண்டியின் சேசிஸ் எண், இயந்திர எண் இரண்டையும் பதிவு அட்டையோடு ஒப்பிட வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேட்க வேண்டும். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

வோக்ஸ்வேகன் கோல்ப் ஜிடிஐ-யின் குறைகள் வேறு. ஐந்தாம் தலைமுறையில், உயர் அழுத்த எரிபொருள் பம்பை இயக்கும் சிறு பாகமான கேம் ஃபாலோவர் தேய்வது பலரும் அறிந்தது. ஆறாம் தலைமுறையில் டைமிங் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கவனிக்க வேண்டும். ஆறு வேக டிஎஸ்ஜி கியர்பெட்டியில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும். “மாற்றியாயிற்று” என்னும் வாய்ச்சொல் போதாது, ரசீது வேண்டும்.

எந்த வண்டியாயினும் காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே சென்று பாருங்கள். நீங்கள் வருவதற்குமுன் விற்பவர் சூடேற்றி வைத்திருந்தால் ஐயப்படுங்கள். முடுக்கியவுடன் சங்கிலி கடகடவென ஒலிக்கிறதா? நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படிவு இருந்தால் குளிர்நீர் கலந்திருக்கக்கூடும். ஓட்டிப் பார்க்கையில், நான்காம் கியரில் மெதுவாகச் செல்லும்போது எரிபொருள் மிதியை அழுத்துங்கள். சுழற்சி மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு மாற்றுகையில் கரகரத்தால் கியர்பெட்டி அடிபட்டிருக்கிறது.

டயர்களின் உட்புறம் மட்டும் தேய்ந்திருந்தால், வண்டியைத் தாழ்த்தியபின் சக்கரக் கோணம் சரிசெய்யப்படவில்லை எனலாம். டேஷ்போர்டில் காரணமில்லாத துளைகளும், ஒட்டுப்போட்ட கம்பிகளும், மாற்றியமைக்கப்பட்ட வண்டியை விற்பனைக்காகப் பழைய நிலைக்குத் திருப்பியதன் அடையாளங்கள். இருக்கை வாரை முழுவதும் இழுத்துப் பாருங்கள். முனையில் சேற்றுக்கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாகலாம். 2021 டிசம்பர் வெள்ளத்தைச் சிலாங்கூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

உரிமை மாற்றத்துக்கான கட்டாயப் பரிசோதனையில் தேறிவிட்டதே என்று நிம்மதி கொள்ளாதீர்கள். அது இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் சோதனையன்று. விற்பவருக்குத் தொடர்பில்லாத பணிமனையில் வண்டியைத் தூக்கிப் பார்க்கக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவாகாது. அதற்கு விற்பவர் மறுத்தால் அங்கேயே விடைபெறுங்கள்.

வண்டியின் விலையோடு கணக்கை முடித்துவிடாமல், பெல்ட், டயர், கிளட்ச் ஆகியவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கச் சொல்லுங்கள். அத்தொகை கையில் இல்லையென்றால் அவனுக்கு அவ்வண்டி இன்னும் எட்டாத ஒன்றுதான். அதை நாம் வாயால் சொல்வதைவிட, அவனே தாளில் கூட்டிப் பார்த்து உணர்வது நல்லது. பிள்ளையின் ஆசையைப் பழிக்காமல், கைவிளக்கோடு அவனுடன் சென்று வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். கையெழுத்து அதன்பிறகு ஆகட்டும்.