சர்ட்டிபிகேட் இருந்தால் வேலை வருமா?

கல்யாணம், குழந்தை, மாமியாருக்கு உடம்பு என்று பத்து வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலை தேடும் பெண்களுக்கு முதலில் தோன்றுவது, "ஏதாவது ஒரு கோர்ஸ் முடிச்சுட்டுப் போனா என்ன?" என்பதுதான். எங்கள் அண்ணனூரில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது இந்தப் பேச்சு என் காதில் விழாத வாரமே கிடையாது.

சகோதரிகளே, சர்ட்டிபிகேட்டில் ஒரு ரகம் உண்டு. அது இல்லாவிட்டால் மனுவையே வாங்க மாட்டார்கள். டைப்ரைட்டிங் அப்படித்தான். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4-ல் தட்டச்சர் வேலைக்குத் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் தேறியிருக்க வேண்டும். ஒன்றாவது ஹையராக இருக்க வேண்டும். இங்கிலீஷ் லோயர் என்றால் நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45. என்றைக்கோ பாவாடை தாவணி காலத்தில் தேறியிருந்தாலும் அந்தச் சர்ட்டிபிகேட் செல்லும். அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா பாருங்கள்! ஆனால் எழுத்துத் தேர்வில் மார்க் வாங்காமல் வேலை இல்லை. வயது வரம்பும் ஆளுக்கு ஆள் மாறும். அறிவிப்பை வரி விடாமல் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டீச்சர் டிரெயினிங் முடித்தவர்களுக்கு 'டெட்' தேர்வு. முன்பு 7 வருஷம்தான் செல்லும் என்றிருந்தது, 2021-ல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றாகிவிட்டது. நடுவில் வீட்டிலிருந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதற்காக டெட் தேறினதுமே அரசுப் பள்ளியில் நாற்காலி போட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2018-லிருந்து தனியாகப் போட்டித் தேர்வும் உண்டு. நர்சுகள், கவுன்சில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு பிறகு வேலை கேளுங்கள்.

தனியார் கம்பெனி விஷயமே வேறு. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, பி.காம்., முன்பு நாலு வருஷம் கணக்கு எழுதியவள், ஒரு கோர்ஸுக்காக வளையலை அடகு வைத்து 40,000 ரூபாய் கட்டக் கிளம்பினாள்.

"நூறு பர்சென்ட் வேலைன்னு போட்டிருக்காங்கக்கா."

"எந்தக் கம்பெனியிலன்னு போட்டிருக்காங்களா? போன வருஷம் படிச்ச நாலு பேரைக் காட்டச் சொல்லு, நேரில் கேட்டுட்டு வரலாம்."

போய்க் கேட்டாள். காட்டவில்லை.

இங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன் பட்டரவாக்கம். இறங்கினால் அம்பத்தூர் எஸ்டேட். அங்கே சின்னப் பட்டறை முதலாளி பட்டத்தையா பார்க்கிறார்? "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரியுமாம்மா?" என்பார். 2017 ஜூலை 1-க்கு முன் வேலையை விட்டவளுக்குத் தெரிந்தது வாட், எக்சைஸ். அவள் வீட்டிலிருந்தபோது கணக்கு முறையே மாறிவிட்டது. அந்த மாற்றத்தை மட்டும் சொல்லித்தரும் சின்னக் கோர்ஸ் போதும் என்றேன். டாலியும் ஜி.எஸ்.டி.யும் கற்றுக்கொண்டு, தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு மூன்று மாதம் குறைந்த சம்பளத்தில் கணக்குப் பார்த்தாள். எஸ்டேட்டில் இன்டர்வியூவுக்குப் போனபோது அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்களாம். இப்போது காலை ரயிலில் பார்க்கிறேன். நிற்கத்தான் இடம் கிடைக்கிறது, பாவம்.

பெரிய இடத்திலும் கதை இதுதான். டாடா நிறுவனத்தார் 2008-ல், இடையில் வேலையை விட்ட பெண்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியபோது, வகுப்பில் உட்கார வைக்கவில்லை. சுமார் 500 மணி நேரத்துக்கு நிஜமான வேலையையே கையில் கொடுத்தார்கள்.

நம் பெண்கள் அலட்சியமாக விட்டுவிடுகிற சர்ட்டிபிகேட் ஒன்று உண்டு. பழைய கம்பெனி தரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்! புதுக் கோர்ஸுக்கு அலைகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படுகிறார்கள். விலகிப் பல வருஷம் ஆனாலும் கேட்கலாம், தப்பில்லை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை மூன்றும் எழுதி வாங்குங்கள். கம்பெனியை மூடிவிட்டார்களா? பழைய சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், பி.எப். கணக்கு எண் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். பேரில் கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருந்தால், ஆதாரும் பழைய சர்ட்டிபிகேட்டும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஓடினால் நடக்காது.