நாலு நிமிஷம் இருபது வினாடி

ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி முகூர்த்த நேரம். பெண் வீட்டார் நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டு, ஒருவழியாக ஒன்றைப் பிடித்துக் கல்லாவுக்கு வந்தால், பில் வரவில்லை. 'நெட் ஸ்லோண்ணா' என்கிறான் பையன். முதலாளி முறைப்பது அவனை அல்ல, கணக்கு எழுதும் நம்மை. கம்ப்யூட்டர் படித்தவர் என்று வேலை கொடுத்தாரே!

நெட் பாவம். குற்றவாளி போன வாரம் மாட்டிய 16 காமிராக்கள். ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்றால் மொத்தம் 64. மாடி, வாசல், கோடவுன் மூன்று இடத்திலும் படம் தெரியணும் என்பதால், மாட்டியவர் 'மல்டிகாஸ்ட்' போட்டுவிட்டார். ஒரே படத்தை மூன்று தடவை அனுப்பாமல் ஒரு தடவை அனுப்பினால், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

நல்ல சமாசாரம்தான். தேசியப் பங்குச் சந்தையே 2014-ல் டிக்-பை-டிக் விலை விவரத்தை இந்த முறைக்கு மாற்றியது. அதற்கு முன் ஆளுக்குத் தனித்தனியாக, வரிசையில். முதலில் கனெக்ட் ஆனவருக்கு முதலில் விலை! அந்த விவகாரத்தில் செபி 2019-ல் 624.89 கோடி ரூபாயை வட்டியோடு கட்டச் சொன்னது. (2023-ல் அப்பீலில் அது ரத்தாகி, 100 கோடி என்றானது.)

கடைக்கு வருவோம். அனுப்புகிறவரின் முகவரியைப் பார்த்துத்தான் யார் எந்தப் போர்ட்டில் என்று சுவிட்ச் கற்றுக்கொள்கிறது. மல்டிகாஸ்ட் முகவரியிலிருந்து யாரும் எதையும் அனுப்புவதில்லை. ஆகவே அது யாருடையது என்று சுவிட்சுக்குத் தெரியாது. தெரியாவிட்டால்? எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். பில் மிஷினின் 100 மெகாபிட் வயரில் 64-ஐக் கோடவுன் படமே அடைத்துக்கொள்கிறது. வைஃபை நிலைமை இன்னும் மோசம். கடைக்கோடியில் இருக்கும் போனுக்கும் எட்டணுமே என்று, மல்டிகாஸ்ட்டை அது பொதுவாகத் தன் மெதுவான வேகத்தில்தான் அனுப்பும்.

மருந்தின் பெயர் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங். அதாவது ஒட்டுக்கேட்பது. 'எனக்கு இந்தப் படம் வேணும்' என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்பதை நடுவில் சுவிட்ச் கேட்டுவைத்து, அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். குடும்பத்தில் கெட்ட குணம், சுவிட்சில் நல்ல குணம். ஆரணிக்காரருக்கு இது புதிதில்லை. ஜக்கார்டு அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் பாவு இழை எழும்பும், மற்றவை சும்மா கிடக்கும். அதேதான். மலிவு சுவிட்சில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது, 'மேனேஜ்டு' வாங்கணும்.

ஸ்னூப்பிங்கை ஆன் செய்ததும் பில் பறக்கும், படமும் ஓடும். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு முதலாளியைக் கூப்பிடுவோம். அவர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் படம் நின்றிருக்கும்!

காரணம், ஒட்டுக்கேட்ட பட்டியல் நிரந்தரமில்லை. 'இன்னும் வேணுமா?' என்று 125 வினாடிக்கு ஒருமுறை யாராவது கேட்கணும். கேட்டால்தான் கம்ப்யூட்டர் மறுபடி கை தூக்கும். கேட்க ஆளில்லாவிட்டால் சுமார் 260 வினாடியில் பெயர் அடிபடும். கேட்கிற ஆளுக்கு 'குவெரியர்' என்று பெயர். பெரிய ஆபீஸ்களில் மல்டிகாஸ்ட் ரவுட்டர் அந்த வேலையைச் செய்கிறது. கடையில் அது ஏது? சுவிட்ச் மெனுவிலேயே குவெரியர் என்று இருக்கும். ஒரு சுவிட்சில் அதையும் ஆன் செய்யுங்கள்.

அப்புறமும் முதலாளியைக் கூப்பிடாதீர்கள். எதிர்க்கடையில் நிதானமாக ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வந்து, படம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.