வரிகளை எண்ணினால் போதுமா?

ஆய்வுத் தரவுகளுக்காக நாம் எழுதும் இணையச் செயலிகளில் 200 வரி மெத்தட்டைக் கண்டதும் வெட்டிச் சிறிதாக்கச் சொல்கிறோம். வரிக்கணக்கு மட்டும் போதாது. வினையெச்சங்கள் வரிசையாய் வரும் நீண்ட தமிழ்த் தொடரை எளிதில் படிக்கிறோம்; தொடருக்குள் தொடர் பொதிந்துவிட்டால் குறுந்தொடரிலும் திணறுகிறோம். நிரலும் அவ்வாறே.

1976இல் தாமஸ் மெக்கேப் முன்வைத்த சிக்கல் அளவை கிளைகளை எண்ணுகிறது. 10ஐ மேல்வரம்பாகக் கொள்கிறது. ஆயினும், அடுத்தடுத்து நிற்கும் மூன்று ‘இஃப்’களுக்கும் ஒன்றனுள் ஒன்றாய்ப் பொதிந்த மூன்றுக்கும் அதில் மதிப்பு ஒன்றே: 4.

எனவே, கருவி சுட்டும் மெத்தட்டில் பொதிவின் ஆழத்தை முதலில் நோக்குக. உள்ளே கிடக்கும் வேலைக்குப் பொருளுணர்த்தும் பெயரிட்டுத் தனியே பிரிக்க. அடுத்த ஆய்வாளர் படித்தறிய இயலாத நிரல் தரும் முடிவை எவராலும் சரிபார்க்க இயலாது.