வாய் பேசாப் பயனாளர்

உதவி இருவகைப்படும். கொடுப்போனும் கொள்வோனும் ஒருவரையொருவர் அறிந்து நிகழ்வது ஒன்று. அறியாமலே நிகழ்வது மற்றொன்று. பின்னையதற்கு இக்காலத்தில் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவது திறமூல மென்பொருள். மென்பொருளின் மூலநிரலை மறைத்து வையாது, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையளித்து வெளியிடின், அது திறமூல மென்பொருள் எனப்படும். அதனைக் கொள்வோர் பொதுவாக விலை கொடுத்தலும் வேண்டா. பெயர் பதிதலும் வேண்டா. ஆதலின் அவருள் மிகப் பலர் வாய் பேசாப் பயனாளராகவே இருந்துவிடுகின்றனர். “இது பொறியியலார்க்கு உரிய செய்தியன்றோ? தமிழ் பயிலும் நமக்கு இதனால் ஆவதென்னை?” என்று நண்பர் சிலர் வினவலாம். அன்னார்க்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கைப்பேசித் திரையில் ‘கொ’ என்னும் எழுத்துத் தோன்றுமாற்றை நோக்குக. கருவி அதனைக் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாகவே சேமித்து வைத்துள்ளது. அக்குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் ககரத்தின் முன்னும் காலைப் பின்னும் நிறுத்தினாலன்றி நாம் படிக்கும் வடிவம் அமையாது. ஆண்டிராய்டுக் கைப்பேசிகளிலும், குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்னும் உலாவிகளிலும், லிபர்ஆபீஸ் என்னும் எழுதுகருவியிலும் இப்பணியைச் செய்வது ஹார்ஃபஸ் என்னும் திறமூல மென்பொருளாகும். அவற்றின் வழியே தமிழ் படிப்போர் அனைவரும் அதன் பயனாளரே. நம்முள் அதன் பெயரைக் கேட்டோர் எத்துணையர்?

இனி, ஆக்கியோர் தம் பயனாளரை எங்ஙனம் அறிகின்றனர் என்பதை ஆராய்வோம். வணிகனுக்குக் கணக்கேடு உண்டு, இவர்க்கு அஃதில்லை. ஸ்வீடன் நாட்டினராகிய டானியல் ஸ்டென்பர்க் என்பார் 1998-ம் ஆண்டில் வெளியிட்ட ‘கர்ல்’ என்னும் மென்பொருள், இணையத்தின் வழியே தரவுகளைக் கொண்டுசெல்லவும் கொணரவும் பயன்படுவது. அதனைத் தம் பொருள்களிற் சேர்ப்போர் அதன் உரிமக் குறிப்பை உடன்வைத்தல் வேண்டும். அதனால் அவர் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் மோட்டார் வண்டிகளின் திரைகளிலும் இடம்பெற்றன. வண்டியிற் கோளாறு கண்டோர் சிலர் அம்முகவரியைப் பார்த்து அவரிடமே உதவி வேண்டி எழுதினர்! 2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் செவ்வாய்க் கோளில் ‘இஞ்செனியூட்டி’ என்னும் சிறு வானூர்தி பறந்தபோது, அதற்குப் பயன்பட்ட திறமூல மென்பொருள்களில் உழைத்தோர் ஏறத்தாழ 12,000 பேரைக் கிட்ஹப் நிறுவனம் அடையாளச் சின்னம் அளித்துச் சிறப்பித்தது. ஸ்டென்பர்கும் அவருள் ஒருவர். ஆயின் 2022-ம் ஆண்டு ஜனவரியிலோ, அவருக்கு ஒரு காசும் கொடுத்திராத பெருநிறுவனமொன்று, பிறர் ஆக்கிய வேறொரு மென்பொருளின் பழுதுபற்றி 24 மணி நேரத்திற்குள் விடையளிக்குமாறு அவரைப் பணித்து எழுதியது. பயனாளர் வாய் திறக்கும் முறை பெரும்பாலும் இத்தகையது. நன்மை நடக்குங்கால் மௌனம். அச்சம் வந்துழி ஆணை.

இம்மௌனத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. கோப்புகளைச் சுருக்கிவைக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் மென்பொருள் லினக்ஸ் கணிப்பொறிகளில் எங்கும் பரந்துள்ளது. அதனைப் பெரும்பாலும் ஒருவரே ஊதியமின்றிப் பேணி வந்தார். புதிய பதிப்பு வரத் தாழ்க்கின்றதே என்று அவரைக் கடிந்து சிலர் எழுதினர். அக்குரல்களும் வஞ்சகத்தின் கூறே என்று கருதுவோர் பலர். அந்நிலையில் துணைவர்போல் ஒருவர் வந்தார். ஈராண்டிற்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்றார். பின்னர்ப் பிறர் கணிப்பொறிகளுள் மறைவாய்ப் புகுதற்குரிய கள்ளவழியொன்றை அதனுள் அமைத்தார். 2024-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆண்டிரெஸ் பிராய்ண்டு என்னும் பொறியாளர், தொலைக் கணிப்பொறியில் நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி மிகுதியாகின்றதே என்று ஐயுற்று ஆராய்ந்து அதனை வெளிப்படுத்தினார். அம்மென்பொருளால் பயன்கொண்டோர் எண்ணிலர்; பேணுவார்க்குத் தோள்கொடுக்க முன்வந்தவராகத் தோன்றியவரோ வஞ்சகர். இதனினும் நம்மைச் சிந்திக்கச் செய்வது வேறென் வேண்டும்?

“கைம்மாறு வேண்டாது கொடுத்ததற்கு நன்றி கேட்பது முறையோ?” என்பர் சிலர். உரிமம் நன்றியை வேண்டவில்லை என்பது மெய்யே. பேசாதிருத்தலும் பயனாளரின் உரிமையே. ஒவ்வொருவரும் செய்வதை ஒளிந்திருந்து எண்ணும் பொறியை மென்பொருளுள் வைத்தலை யானும் விரும்பேன். ஆயினும் சட்டம் கேளாதது கடமையாகாது என்பது பொருந்தாது. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தது, உதவியோர் கேட்டதனால் அன்று. தம் உழைப்பு எவர்க்குப் பயன்படுகின்றது என்று அறியாதவர், ஒரு நாள் சோர்ந்து அதனைக் கைவிடின், அவரைக் குறை கூறுதல் யாங்ஙனம்?

ஆகவே, மாணவராகிய நாம் செய்யத்தக்கன சில உள. நாம் நாடோறும் பயன்படுத்தும் திறமூல மென்பொருள்களின் பெயர்களையேனும் அறிந்துகொள்வோமாக. தமிழெழுத்துச் சிதைந்து தோன்றின், நம்முள் முணுமுணுத்து ஒழியாது, எப்பதிப்பில், எச்சொல்லில், எவ்வாறு சிதைந்தது என்று படத்துடன் ஆக்கியோர்க்குத் தெளிவாக எழுதுவோமாக. தமிழறியாத ஆக்கியோர்க்குத் தமிழ்ப் பிழையைச் சுட்ட நம்மினும் தகுதியுடையார் யாவர்? மென்பொருள்களின் கட்டளைச் சொற்களை நல்ல தமிழிற் பெயர்த்தலும் தமிழ் மாணவர்க்கு ஏற்ற தொண்டாகும். கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் வழங்கும் திறமூல மென்பொருள்களின் பட்டியலொன்றை ஆண்டுதோறும் எழுதி வாயிலில் தொங்கவிடலாம். பழைய மாணவருள் நிறுவனங்களை நடத்துவோர் அப்பட்டியலைக் கண்டு, தாமும் அவற்றாற் பயன்பெறுதலை உணர்ந்து, பேணுவார்க்குப் பொருளுதவி செய்யலாம். இவையொன்றும் இயலாதார், “நும் நிரலால் யான் பயன்பெற்றேன்” என்று ஒரு வரி எழுதுவாராக. அதற்குப் பொறியியல் அறிவு வேண்டா. உள்ளம் ஒன்றே அமையும்.