இலையைத் தேடியவருக்குக் காந்தம் கிடைத்தது

மரம் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைக் கொடுக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அதனால், கரியமில வாயுவிலிருந்துதான் ஆக்சிஜன் பிரிகிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் செடி உறிஞ்சும் தண்ணீரிலிருந்து வருகிறது.

தண்ணீரைப் பிரிப்பது லேசான வேலை அல்ல. இலைக்குள் இருக்கும் ஒரு நொதி, வெயிலின் துணையோடு அதைச் செய்கிறது. அந்த நொதியின் மையத்தில் 4 மாங்கனீசு அணுக்களும் 1 கால்சியம் அணுவும் உள்ளன. அவற்றை 5 ஆக்சிஜன் அணுக்கள் இணைக்கின்றன. இந்த அமைப்பை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் துல்லியமாகக் காட்டினர்.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவில் பணிபுரிந்த வேதியியலாளர் ஜார்ஜ் கிறிஸ்டூ இது போன்ற மாங்கனீசு சேர்மங்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி வந்தார். இலையின் ரகசியத்தை அறிவதே நோக்கம். இத்தாலியில் காட்டெஸ்கி, செசோலி இருவரும் காந்தத்தன்மையை ஆராய்ந்துகொண்டிருந்தனர். வெவ்வேறு கேள்விகளோடு புறப்பட்டவர்கள் ஒரே சேர்மத்தில் சந்தித்தார்கள். அது 12 மாங்கனீசு அணுக்கள் கொண்ட மூலக்கூறு. போலந்தில் 1980லேயே தயாரிக்கப்பட்டது.

சாதாரணக் காந்தத்தில் கோடானுகோடி அணுக்கள் கூடி நின்றுதான் காந்தசக்தியைத் தக்கவைக்கின்றன. இங்கோ ஒரே ஒரு மூலக்கூறு தனியாகவே காந்தமாக நடந்துகொண்டது. 1993இல் இது வெளியானபோது வேதியியலில் ஒரு புதிய துறையே பிறந்தது. ஒரு மூலக்கூறில் ஒரு தகவலைச் சேமிக்கலாம் என்ற நம்பிக்கையும் பிறந்தது.

ஆனால் ஒரு சிக்கல். மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் குளிரில் மாதக்கணக்கில் திசை மாறாத அந்த மூலக்கூறு, சற்றுச் சூடேறினாலே அதை மறந்துவிடும். 2018இல் டிஸ்புரோசியம் உலோகம் கொண்ட ஒரு மூலக்கூறு சுமார் மைனஸ் 193 டிகிரி வரை தாக்குப்பிடித்தது. அறை வெப்பநிலைக்கு இன்னும் தூரம் அதிகம்.

இலைப் பக்கமும் வேலை நிற்கவில்லை. 3 மாங்கனீசும் 1 கால்சியமும் சேர்ந்த மாதிரியைக் கிறிஸ்டூ குழு 2012இல் உருவாக்கியது. வெயிலைக் கொண்டு தண்ணீரை மலிவாகப் பிரிக்க முடிந்தால், ஹைட்ரஜன் எரிபொருள் தாராளமாகக் கிடைக்கும்.

'இதைப் படித்து என்ன பயன்?' என்று பிள்ளைகளிடம் உடனே கேட்டுவிடுகிறோம். இலையை ஆராயத் தொடங்கியபோது, காந்தம் கிடைக்கும் என்று யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.