ஒரு மூக்குப்பேணித் தண்ணீர்

தண்ணீரின் அருமையைத் தீவகத்தாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் கடல் சூழ்ந்திருக்க, குடிப்பதற்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் தேடி அயற்குறிச்சிக் கிணறுகளுக்கு நடந்தவர்கள் நம் தாய்மாரும் பாட்டிமாரும். வேலணையிலே சாட்டி மணற்பரப்பின் கிணறுகளும், நெடுந்தீவிலே சாராப்பிட்டிக் கிணறுகளும் இன்றும் நம்மவர் நாவில் வாழ்த்துப் பெறுவது அதனாலேயே. மாரி மழை தந்த நன்னீர், நிலத்தினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் பாலாடைபோல மிதந்து நிற்கின்றது. அளவறிந்து அள்ளினால் அது ஊறிக்கொண்டேயிருக்கும். பேராசைப்பட்டு இறைத்தால் உவர் மேலேறிவிடும். இந்த உண்மையைக் கிணற்றடியிலேயே கற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம்.

உப்பையும் நீரையும் அளவறிந்து காக்கின்ற இத்தகைய தொழிலை நம் ஒவ்வொருவர் உடம்பிலும் கைப்பிடியளவான இரண்டு சிறுநீரகங்கள் ஓயாது செய்துவருகின்றன. நாளொன்றுக்கு 180 லீற்றரளவு நீர்மத்தை அவை வடிக்கின்றன. அதிலே ஏறக்குறைய ஒன்றரை லீற்றரை மாத்திரம் கழிவோடு வெளியேற்றிவிட்டு, எஞ்சியதையெல்லாம் குருதிக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. என் கணவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதடைந்த பின்னரே இந்தக் கணக்கு எனக்குத் தெரியவந்தது. வீட்டுக் கதையை ஊரறிய எழுதுவதற்குத் தயக்கமுண்டு. எனினும், இதனை வாசிக்கும் ஒரு குடும்பத்துக்கேனும் பயன்படுமாயின் அத்தயக்கம் பெரிதன்று.

நோய் முற்றியபின், வாரத்தில் இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள், யாழ்ப்பாணத்துக்குப் போய் இயந்திரத்தின் துணையால் குருதியைச் சுத்திகரித்து வரவேண்டியதாயிற்று. வேலணையிலிருந்து விடியற்காலைப் பேருந்திலே புறப்படுவோம். ஒவ்வொரு தரமும் நான்கு மணி நேரமளவில் அவர் இயந்திரத்தோடு பிணைந்திருப்பார். சிறுநீரகம் இரவு பகலாக இரண்டு மூன்று நாட்களிற் செய்கின்ற வேலையை இயந்திரம் நான்கு மணி நேரத்திற் செய்து முடிக்க முயல்கின்றது. உடம்பு களைத்துப்போவதில் வியப்பில்லை. மாலையில் வீடு திரும்பினால் அவருக்குக் கட்டிலே தஞ்சம்.

சிறுநீர் கழிவது ஏறக்குறைய நின்றுவிட்டமையால், அருந்தும் நீரை அளந்து கொடுக்கும்படி வைத்தியர் பணித்தார். நாளொன்றுக்கு முக்கால் லீற்றர். தேநீரும் இரசமும் அதற்குள் அடக்கம். என் மாமியார் காலத்து மூக்குப்பேணி ஒன்று வீட்டில் இருந்தது. அதனையே அளவுப் பாத்திரமாக வைத்துக்கொண்டேன். இளநீர் முற்றாக விலக்கப்பட்டது. கீரையும் கிழங்கும் அவித்து நீரை வடித்துவிட்டே கறியாயின. சித்திரை வெய்யிலிலே, "இஞ்சேரும், இன்னும் ஒரு மிடறு தாரும்" என்று அவர் கேட்க, "இனி இராவைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போன நாட்கள் எத்தனையோ! எங்கள் இளைய மகன், தகப்பன் காணாதபடி கிணற்றடியில் மறைந்து நின்று தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டான். ஒருவரும் அவனுக்கு அதனைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதே நல்வழி என்று வைத்தியர் கூறியவுடன், என்னுடையதை எடுக்கும்படி சொன்னேன். இரத்த உறவில்லாத மனைவியின் உறுப்பு கணவனுக்குப் பொருந்துமோ என்று ஐயுறுவோர் நம்மிடையே பலர். பொருந்தும். 1995 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் போல் தெரசாக்கி என்ற அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கணவன் மனைவியரிடையே கொடுக்கப்பட்ட சிறுநீரகங்களுள் 100 க்கு 85, மூன்று ஆண்டுகளின் பின்னரும் இயங்கிக்கொண்டிருந்தமை அதிலே காணப்பட்டது. பெற்றோர் கொடுத்தவற்றில் அத்தொகை 82. ஆனால், வழமையான முறையிலே குருதி வகை ஒத்துவர வேண்டும். அவருடையது ஓ வகை. என்னுடையது பீ வகை. ஓ வகையார் மற்றெல்லா வகையாருக்கும் கொடுக்கலாம். பெறுவதோ ஓ வகையாரிடமிருந்து மாத்திரமே. ஒரு துளிக் குருதி என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

செய்தி கேட்டு, நெடுந்தீவிலே வாழ்க்கைப்பட்டிருக்கும் அவருடைய தமக்கையார், மறுநாட் காலைப் படகிலேயே வந்து சேர்ந்தார். உண்மையை எழுதவேண்டும். அந்த மச்சாளை நான் மனமுவந்து வரவேற்ற நாள் அதுவரை ஒன்றேனும் இல்லை. என் கணவர் இளமையில் உழைத்த பணமெல்லாம் தமக்கையின் சீதனத்துக்கே போயிற்று. எங்கள் கலியாணத்தின் பின்னும் அக்கடனை ஆறு ஆண்டுகள் கட்டினோம். வாயாற் சொல்லாவிட்டாலும், என் மனத்திலே ஒரு கணக்குப் புத்தகம் வட்டியும் முதலுமாக வளர்ந்துகொண்டே வந்தது. மச்சாள் திண்ணையில் அமர்ந்து, முந்தானையில் முடிந்திருந்த ஒரு பழைய அட்டையை எடுத்து நீட்டினார். "பிள்ளை பெறேக்கை தந்த அட்டை. எனக்கும் ஓ எண்டுதான் எழுதிக் கிடக்குது. எப்ப போகவேணும்?" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

அதன்பின் பரிசோதனைகளுக்காகப் பல மாதங்கள் கொழும்புக்குப் போய்வந்தோம். அந்நாட்களில், இவ்வழியிலே முதன்முதல் நடந்தவர்களின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள பீற்றர் பென்ற் பிறிகம் வைத்தியசாலையிலே, 1954 ஆம் ஆண்டு டிசெம்பர் 23 ஆம் நாள், ஜோசப் மரே என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் றொனால்ட் ஹெறிக் என்ற இளைஞரின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து, அவருடன் ஒருசேரப் பிறந்த இரட்டையரான றிச்சேட்டுக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். மரே அவர்களுக்கு 1990 இல் நோபல் பரிசு கிடைத்தது. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு, வீட்டுக்குப் போய்விடும்படி றிச்சேட் தம் சகோதரருக்கு ஒரு துண்டு எழுதி அனுப்பினாராம். தாம் இங்கேயே இருக்கப்போவதாக றொனால்ட் மறுமொழி எழுதினாராம். றிச்சேட் தம்மைப் பராமரித்த தாதியையே மணந்து, இரண்டு பெண்மக்களுக்குத் தந்தையாகி, 1963 வரை வாழ்ந்தார். றொனால்ட் ஆசிரியராகவும் கமக்காரராகவும் வாழ்ந்து, 2010 இல் தமது 79 ஆவது வயதிற் காலமானார். எட்டு ஆண்டு எவ்வளவு சிறிய காலம் என்று சொல்வோரும் உளர். இரண்டு குழந்தைகள் தவழ்ந்து, எழுந்து, நடந்து, தகப்பனின் கைபிடித்து உலாவிய காலம் அது. அதனைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் முறையும் வந்தது. பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுத்துவிடுவதில்லையாம். புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்திலே பொருத்துகின்றனர். சத்திரசிகிச்சை முடிந்து, அவர் எழுந்து உட்காரத் தொடங்கிய நாளொன்றில், தாதி ஒரு பெரிய போத்தல் நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, தாராளமாகக் குடிக்கும்படி சொல்லிச் சென்றார். அவர் போத்தலை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்கும் பழைய பார்வை அது. "குடியுங்கோ" என்றேன். அதற்குமேற் சொல்ல எனக்கு நா எழவில்லை.

மற்றொரு விடுதியிலே மச்சாள் படுத்திருந்தார். அருகிற் போய்க் கைகூப்பினேன். "நீர் ஏன் கும்பிடுறீர்? நான் உமக்குத் தரேல்லை, என்ரை தம்பிக்கெல்லே தந்தனான்" என்றவர், தம் ஆடுகளுக்கு யாராவது குழை போட்டார்களோ தெரியவில்லை என்று ஊர்க்கவலையைப் பேசத் தொடங்கிவிட்டார். என் மனக் கணக்குப் புத்தகத்தை அன்றே மூடிவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவன்று. வெட்கத்தோடு அதனை மறுபடியும் திறந்து பார்த்தேன். சீதனத்துக்கென நான் எழுதிவைத்திருந்த தொகைக்கு எதிரே, இதற்கென்று எழுத என்னிடம் ஓர் எண் இருக்கவில்லை.

திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றைப் பெற்றுக்கொண்டவர் நன்றியை எவ்வாறு செலுத்துவது? ஐந்து ஆண்டுகளாக இக்கேள்வியோடு வாழ்ந்து நான் கண்ட விடை ஒன்றே. கொடுத்த பொருளையும் கொடுத்தவரையும் நாள்தோறும் காப்பதே அந்த நன்றி.

பொருளைக் காப்பது எளிதன்று. அந்நியமான ஒன்றை உடம்பு எதிர்ப்பது இயல்பு. ஒரே கருவில் உருவான ஹெறிக் சகோதரருக்கு அவ்விடர் நேரவில்லை. மற்றையோர் அவ்வெதிர்ப்பை அடக்கும் மருந்தை, மாற்றுறுப்பு இயங்கும் காலமெல்லாம் உட்கொள்ள வேண்டும். 1980 களிலே சைக்குளோஸ்போரின் என்னும் மருந்து வழக்குக்கு வந்த பின்னரே இச்சிகிச்சை உலகெங்கும் பரவலாயிற்று. எங்கள் வீட்டிலே காலை எட்டு மணியும் இரவு எட்டு மணியும் மாத்திரைக்கு உரியவை. கலியாண வீடாயினும் சாவீடாயினும் அந்நேரம் தவறுவதில்லை. எதிர்ப்பை அடக்கும் அம்மருந்து நோய்க்கிருமிகளைத் தடுக்கும் வலிமையையும் குறைத்துவிடும். ஆதலால் முதலாண்டிலே நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கும் போகாதிருந்தோம். காய்ச்சல் கண்டால், கைமருந்து செய்து பார்ப்போம் என்று காத்திராமல் அன்றே வைத்தியரிடம் போகின்றோம். மகள் மணி பார்க்கின்றாள். மகன் மாத்திரை எண்ணுகின்றான்.

கொடுத்தவரைக் காப்பது அதனினும் முக்கியமானது. எளிதில் மறக்கப்படுவதும் அதுவே. நன்கு பரிசோதித்துத் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு நெடுநாள் நலமாக வாழலாம். எஞ்சியது சற்றுப் பருத்துக் கூடுதலான வேலையை ஏற்றுக்கொள்ளும். எனினும் ஆண்டுக்கொரு முறையாவது குருதியமுக்கத்தையும் குருதியையும் சிறுநீரையும் சோதித்துக்கொள்ள வேண்டும். முழங்கால் நோவென்று கடையிலே தாமாக நோவு மாத்திரை வாங்கி விழுங்கலாகாது. தமக்கு ஒரு குறையுமில்லை என்று மச்சாள் வர மறுப்பார். ஆகவே ஆண்டுதோறும் நானே நெடுந்தீவுக்குப் போய், ஓரிரவு தங்கி, அவரை அழைத்து வருகின்றேன். குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணி நேரமளவில் ஆகும். பின்னர் புங்குடுதீவைக் கடந்து வேலணைக்கு வந்து, மறுநாள் யாழ்ப்பாணம். வழியிலே நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. படகு ஆடும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

எல்லா வீட்டாருக்கும் இப்படியொரு தமக்கை வாய்ப்பதில்லை. உறவிலே பொருந்துவார் இல்லாமல் இயந்திரத்தையே நம்பியிருப்போரை விடுதியிற் கண்டிருக்கின்றேன். 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டிலே உறுப்பு மாற்றத்துக்கு ஒழுங்கு வகுத்து, உறுப்புகளை விற்பதையும் வாங்குவதையும் தடுத்துள்ளது. இறந்தபின் கொடுப்பதற்கும் அது இடந்தருகின்றது. கண்களைக் கொடுப்பதில் நம் நாடு உலகுக்கே வழிகாட்டியது. ஹட்சன் சில்வா என்பவர் 1958 இல் தொடங்கிய முயற்சி, 1961 இல் கண்தானச் சங்கமாக மலர்ந்து, 1964 முதல் பிறநாட்டாருக்கும் ஒளி கொடுத்தது. சிறுநீரகத்தைப் பற்றியும் அத்தகைய மனப்பாங்கு நம்மிடையே வளரவேண்டும். துயரத்தின் நடுவே வைத்தியர் வந்து கேட்கும்போது ஒரு குடும்பத்தார் முடிவு செய்வது அரிது. ஆதலால் நலமாயிருக்கும் நாளிலேயே, இராச்சாப்பாட்டின்போது, தம் விருப்பத்தை வீட்டாரிடம் சொல்லிவைத்தல் நன்று. மாணவர்கள் இப்பேச்சைத் தொடக்கிவைத்தால் பெரியோரும் செவிகொடுப்பர்.

சென்ற மாதம், திருவிழாக் கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளிலே, மச்சாளையும் அழைத்துக்கொண்டு குடும்பமாக நயினாதீவுக்குப் போய்வந்தோம். அம்மன் சந்நிதியில் எதனையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டதெல்லாம் பெற்றுவிட்டேன் என்பதனாலன்று. மாற்றுச் சிறுநீரகத்துக்கும் ஒரு காலவெல்லை உண்டு என்பதை நான் அறிவேன். அந்த ஒரு நாள், அடுப்பும் பாத்திரமும் பிள்ளைகளின் சச்சரவுமாக விடிந்த வெறும் நாள், எங்களுக்குக் கிடைத்திருந்தது. அதுவே போதுமாயிருந்தது.

வீடு திரும்பியபோது நல்ல வெய்யில். இளையவன் மூக்குப்பேணி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, முதலில் மாமிக்குக் கொடுத்தான். மறுபடி நிறைத்துத் தகப்பனுக்குக் கொடுத்தான். மூன்றாம் முறை நிறைத்து, கிணற்றடிக்கு ஓடாமல், அவர்கள் முன்னிலையிலேயே நின்று அண்ணாந்து குடித்தான்.