கண்டி வாளும் நமது அலட்சியமும்

"சிங்களவருடைய வாள், நமக்கென்ன?" பதுளைத் தோட்டங்களில் நான் பலமுறை கேட்ட சொல் இது. வன்மையாக மறுக்கிறேன்.

1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்ட பீரங்கியை, பொன், வெள்ளி வேலைப்பாடுள்ள கஸ்தானே வாள்கள் உள்ளிட்ட ஐந்து ஆயுதங்களோடு நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்தது. சிங்கமுகப் பிடியைச் செதுக்கிய கைத்திறன் சிங்களவருடையது, ஐயமில்லை. ஆனால் 1739 முதல் 1815 வரை அந்தக் கண்டி அரியணையில் அமர்ந்தோர் தென்னிந்திய நாயக்கர் வழியினர். 1817-18 ஊவாக் கிளர்ச்சியும், நாயக்க மன்னனின் உறவினன் எனத் தன்னைக் கூறிக்கொண்டவனை முன்னிறுத்தியே மூண்டது. அதை நசுக்கி ஊவாவின் ஊர்களையும் வயல்களையும் பாழாக்கியவர்கள் ஆங்கிலேயர். பின்னர் அதே மலைகளில் கோப்பிக்கும் தேயிலைக்கும் நம் முன்னோரைக் கொண்டுவந்து உழைப்பை உறிஞ்சியவர்களும் அவர்களே.

இவ்வாள்களை ஓரினத்தின் சொத்தாகப் பூட்டிவைப்போர் பாதி வரலாற்றை மறைக்கின்றனர். "நமக்கென்ன" என்போர் மறுபாதியைத் தாமாகவே தாரைவார்க்கின்றனர். இரண்டாவது தவறு நம்முடையது. திருத்துவதும் நம் கையில்தான். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, பிள்ளைகளைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவர்கள் விருந்தாளிகளாக அல்ல, உரித்தாளிகளாக நிற்கட்டும்.